ஐந்தாவது சுவிட்ச்

இன்டர்காம் பெட்டியின் பின்மூடியைக் கழற்றினால் அரிசி மணி அளவில் ஆறு வெள்ளைச் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். விரல் நுனிக்கு அகப்படாது. ஞானசெல்வி அதற்கென்று ஒரு பல்குச்சி வைத்திருந்தாள். முதல் சுவிட்ச், பேசுவது எந்த லைனில் போக வேண்டும் என்பதற்கு. இரண்டாவது, பேசுகிறவரின் குரல் அவர் காதிலேயே எவ்வளவு திரும்பி விழ வேண்டும் என்பதற்கு. மற்றவையும் அப்படி ஏதோ ஒன்றுக்கு. ஐந்தாவதை மட்டும் யாரும் தொட்டதில்லை. பெட்டிகள் வந்த நாளிலிருந்து அது மேலே தள்ளப்பட்டபடியே இருந்தது.

நெடுங்கரைத் துறைமுகத்தில் வேலை நேரத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. கிரேன் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. எல்லோர் கழுத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை இருக்கும். ஒரு சொல்லைச் சொல்லப்போகும்போது தொண்டைத் தசையில் ஓடும் சிறு அசைவைப் பட்டை பிடித்துக்கொள்ளும். இடுப்பிலிருக்கும் பெட்டி அதை அவரவர் குரலாக மாற்றி மற்றவர் காதில் போடும். உதடு அசையக்கூட வேண்டாம். இந்த இன்டர்காம் முழுவதையும் பார்த்துக்கொள்வது ஞானசெல்வியின் வேலை. அவளுடைய அறையில் இருந்த மேசைக்கு எல்லா லைனும் வந்து சேரும். பெட்டிகளைச் சார்ஜில் போடுவது, சுவிட்சுகளைப் பார்ப்பது, யாருக்காவது கேட்கவில்லை என்றால் என்னவென்று பார்ப்பது. அவளுக்குக் கேட்காத ஆள் அங்கே யாரும் கிடையாது.

ஒரு டிரெய்லர் ஓட்டுநரின் கால் போன பிறகுதான் ஐந்தாவது சுவிட்சைப் பற்றிப் பேச்சு வந்தது. கண்டெய்னரின் ஒரு மூலைப் பூட்டு டிரெய்லரிலிருந்து கழலவில்லை. கிரேன் தூக்கியபோது டிரெய்லரும் சேர்ந்து எழுந்து சாய்ந்தது. பூட்டு கழலாததை இசக்கிமுத்து என்ற கப்பல்தளத் தொழிலாளி முன்கூட்டியே பார்த்திருந்தான். அன்று காலைதான் ஃபோர்மேன் அவனை எல்லோர் முன்னாலும் திட்டியிருந்தார். அதனால் அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவன் பெட்டியின் நினைவில் "நில்லு" என்ற சொல் பதிந்திருந்தது.

"அப்ப அவன் சொல்லியிருக்கான்," என்றார் மேலாளர் சிவநேசன்.

"சொல்லல சார். சொல்ல வந்துட்டு முழுங்கிட்டான்," என்றாள் ஞானசெல்வி.

"முழுங்கினது பெட்டிக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். தொண்ட அசையும்ல. அஞ்சாவது சுவிட்சு மேல இருந்தா அத வெளிய விடாது. கீழ தள்ளுனா விட்டுரும்."

"அதே குரல்லயா?"

"அதே குரல்லதான். பெட்டிக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்."

மேலாளர் இசக்கிமுத்துவின் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "எல்லாத்தையும் கீழ தள்ளிருங்க," என்றார்.

ஃபோர்மேன் குரூஸ் நாற்காலியில் நிமிர்ந்தார். "சார், மனுசன் ஒரு நாளைக்கு எவ்வளவு முழுங்குதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அதுல ஒண்ணே ஒண்ணு 'நில்லு'ன்னா எனக்குப் போதும் குரூஸ்."

குரூஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஞானசெல்வி இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாப் பெட்டிகளையும் மாற்றினாள். அதில் ஒரு விஷயம் உண்டு. சுவிட்சைத் தள்ளினால் மட்டும் போதாது. பெட்டி தூங்கி எழும்போதுதான் தன் சுவிட்சுகளைப் படிக்கும். ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். இடுப்புப் பெட்டிகள் தினமும் அணைந்து சார்ஜில் ஏறுகிறவை, சிரமமில்லை. கிரேன்களின் அறையில் பொருத்தியிருப்பவற்றுக்குத்தான் அவளே மேலே ஏறி, மின் வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி சொருக வேண்டும்.

மூன்றாவது கிரேனைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதை ஓட்டுகிறவன் சுயம்புலிங்கம், அவள் கணவன்.

அவள் போனபோது கீழே வந்த கப்பலைக் கரையோடு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுயம்பு அறை வாசலில் நின்றான். இருக்கைக்கு அடியில் மண்டியிட்டு அவள் மூடியைக் கழற்றி, சுவிட்சைத் தள்ளி, பின்னால் கைவிட்டுத் தடவி வயரைப் பிடுங்கினாள். மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு மறுபடி சொருகினாள். குனிந்து விளக்கைப் பார்த்திருக்கலாம். ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அந்தச் சின்ன அறையில் அவனுடைய மூச்சு கேட்டது. கண்ணாடி அறைக்குள் இரண்டு பேர் ஒன்றும் பேசாமல் இருப்பது வீட்டில் இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"முடிஞ்சுதா?" என்றான்.

"முடிஞ்சுது."

அவ்வளவுதான் பேச்சு. சுமார் இரண்டு வருடமாக அவர்களுக்குள் பேச்சு அந்த அளவுக்குத்தான் இருந்தது. பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. மகள் கல்யாணமாகி மஸ்கட் போன புதிதில், ஒரு நாள் அவன் நெடுநேர ஷிப்ட் முடிந்து வந்தான். அவள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். மாடிக் குழாய் ஒழுகுவதைப் பற்றியோ, மகள் போனில் சொன்னதைப் பற்றியோ. "நாள் பூரா காதுக்குள்ள எவனாவது பேசிக்கிட்டே இருக்கான். வீட்டுலயாவது காதுக்கு ஓய்வு குடேன்," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அலுப்பில் சொன்னான். அவள் ஓய்வு கொடுத்தாள். மறுநாள் அவன் ஏதாவது கேட்பான் என்று இருந்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று அவன் இருந்தானோ என்னவோ. நாட்கள் அப்படியே போய், பேசாமலிருப்பது ஒரு மேசை நாற்காலி போல வீட்டில் தனக்கென்று இடம் பிடித்துக்கொண்டது. அதைச் சுற்றிக்கொண்டு நடக்க இருவரும் பழகிவிட்டார்கள்.

ஐந்தாவது சுவிட்ச் கீழே போன முதல் வாரம் துறைமுகம் சிரிப்பும் கூத்துமாகத்தான் இருந்தது. குரூஸ் ஓர் உத்தரவு போட்டு முடிப்பதற்குள் அவருக்கு ஆட்கள் வைத்திருந்த பெயர்கள் நாலாபக்கமும் வந்து விழுந்தன.

"எவம்ல அது, வழுக்க மண்டன்னது?"

"நான் சொல்லல அண்ணாச்சி. முழுங்குனேன்."

"முழுங்குனாலும் மரியாதையா முழுங்குல."

சிரிப்பு நீடிக்கவில்லை. உயரத்தில் அடுக்கின் மேல் வேலை பார்க்கும் ஓர் ஆள் ஷிப்ட் முழுக்க "விழுந்துருவேன், விழுந்துருவேன்" என்றுகொண்டிருந்தது எல்லோர் காதிலும் கேட்டது. பத்து வருடமாக அந்தப் பயத்தோடுதான் அவர் ஏறி இறங்கியிருக்கிறார், ஒருவருக்கும் தெரிந்ததில்லை. தெரிந்த பிறகு அவரால் ஏற முடியவில்லை. ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு நண்பர்கள் தனித்தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஒருவன் வீடு கட்டுவதைப் பற்றி மற்றவன் மனதுக்குள் என்ன நினைத்தான் என்பது லைனில் வந்துவிட்டது. அதே சமயம், அந்த மாதத்திலேயே இரண்டு தடவை யாரோ விழுங்கிய "நில்லு" வெளியே வந்து கிரேனை நிறுத்தியது. இரண்டு தடவையும் கீழே ஆள் இருந்தது. ஆகவே உத்தரவு தப்பு என்று யாராலும் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. விழுங்கவும் முடியவில்லை.

ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உள்ளே எதையாவது ஓட்டிக்கொண்டே இருந்தால் வேறெதுவும் மேலே வராது. ஒருவர் ஜெபமாலை சொன்னார். ஒருவன் பதினேழாம் வாய்ப்பாடு. ஒருவன் தன் ஊர்ப் பஸ் நிற்கும் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிப் போய், திரும்பியும் வந்தான். இவை அத்தனையும் ஞானசெல்வியின் மேசையில் வந்து கொட்டும். மாலையில் ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் தலைக்குள் பதினேழாம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருக்கும். இத்தனை பேர் மனதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனால், தன் மனதில் என்ன இருக்கிறது என்று பார்க்க இடமில்லாமல் போயிற்று.

கடைசியில் குரூஸ் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். டீ நேரத்தில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"இனிமே வேலைப் பேச்சுக்கு மட்டுந்தான் பதில். மத்தது காதுல விழுந்தா விழுந்துட்டுப் போட்டும். இவன் சொன்னானா, முழுங்குனானான்னு ஆராய்ச்சி கெடையாது. முழுங்குனதுக்குப் பதில் சொல்லுதவன் அடுத்தவன் சட்டப்பையில கை விடுதவன். புரியுதால?"

புரிந்தது. அது எல்லோருக்கும் பெரிய நிம்மதியாக இருந்தது. உத்தரவு போட்டது மேலாளர் என்றாலும் அதோடு வாழ முடிந்தது இந்த வழக்கத்தால்தான்.

மூன்றாவது கிரேன் மட்டும் வேறு மாதிரி இருந்தது. சுயம்புவின் அறையிலிருந்து "இறக்குதேன்", "ஆள் தள்ளி நில்லு", "அடுத்தது" என்பவற்றைத் தவிர ஒன்றும் வரவில்லை. ஜெபமும் இல்லை, வாய்ப்பாடும் இல்லை.

"நம்ம அண்ணாச்சிக்கு உள்ள ஒண்ணுமே கெடையாதுல," என்று ஆட்கள் சிரித்தார்கள். "வெறும் கிரேன்தான்."

ஞானசெல்வியால் சிரிக்க முடியவில்லை. இரண்டு வருடமாக அவனை ஒரு பூட்டிய அறையாக நினைத்து வந்தாள். உள்ளே ஏதோ சாமான் இருக்கிறது, சாவிதான் இல்லை என்று. இப்போது கதவு திறந்துவிட்டது, அறை காலி. தன்னைப் பற்றி ஒரு வசவாவது வரும் என்று காத்திருந்தாள். வசவு வந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு மத்தியானம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தபோது மூன்றாவது கிரேனின் விளக்கு மினுங்கியது.

"செல்வி, சாப்ட்டியா?"

அவள் கை அப்படியே நின்றது.

கிரேன்காரர்களுக்கு இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பட்டன் கிடையாது. காலடியில் மிதியை அழுத்தினால் பேச்சு கீழே உள்ள ஆட்களுக்குப் போகும். காலை எடுத்துவிட்டால் லைன் அவள் மேசையோடு மட்டும் திறந்திருக்கும். ஆகவே அந்தக் குரல் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. மேலே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறான், யோசனை விரலிடுக்கு வழியாகத் தண்ணீர் ஒழுகுவது போல இங்கே ஒழுகிவிட்டது, அவனுக்கே தெரியாது என்று நினைத்தாள். பதில் சொல்லும் பட்டன் மீது விரலை வைத்தாள். சொன்னால் அவன் கூசிப்போவான். சட்டைப்பையில் கை விட்டது போலாகும். விரலை எடுத்துவிட்டாள்.

அதன் பிறகு அடிக்கடி வந்தது. "முழங்கால் எப்படி இருக்கு?" என்று ஒரு நாள். "கடலு இன்னைக்குக் கண்ணாடி மாதிரி கெடக்கு. நீ பாத்திருக்கணும்," என்று ஒரு நாள். மழை பெய்து வேலை நின்றிருந்த ஒரு காலையில், நெடுநேரம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்று வந்தது. ஞானசெல்வி ஹெட்செட்டைக் கழற்றி அதன் பஞ்சைத் துணியால் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அவள் பதிலை வேறு வழியில் சொன்னாள். அன்று சாயங்காலம் ஊளி மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். அவன் பேசாமல் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்து, அவளை நிமிர்ந்து பார்த்தான். எதற்கோ காத்திருக்கிறவன் மாதிரி ஒரு பார்வை. எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை. "மோர் வேணுமா?" என்று கேட்டாள். "வேண்டாம்," என்றான்.

அவளுக்கு அந்த நாட்களில் ஒரு ரகசிய சந்தோஷம் இருந்தது. அதில் கொஞ்சம் திருட்டுத்தனமும் இருந்தது என்பதை அறிந்திருந்தாள். ஒருவன் வெளியே வைத்திருக்கும் முகம் அவனா, உள்ளே ஓடுவது அவனா? உள்ளே ஓடுவதுதான் நிஜம் என்று நம்புவது அவளுக்கு இதமாக இருந்தது. வெளியே இருப்பவனோடு ஒரே வீட்டில் வாழ வேண்டியிருந்ததால் அந்த நம்பிக்கை தேவையாகவும் இருந்தது.

அப்போதுதான் ஒடிசாக் கரையில் புதிதாகத் திறக்கும் துறைமுகத்துக்கு அனுபவமுள்ள கிரேன்காரர்களைக் கேட்டார்கள். சுயம்பு பெயர் கொடுத்தான். குடும்பத்தோடு வருகிறவர்களுக்குக் குவார்ட்டர்ஸ், தனியாக வருகிறவர்களுக்கு ஒற்றை அறை. எது வேண்டும் என்று அந்த வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை கிரேனிலிருந்து வந்தது: "குவார்ட்டர்ஸ்னு சொல்லிரவா? நீ வாரியா செல்வி?"

செவ்வாய்க்கிழமையும் அதே கேள்வி வந்தது. புதன்கிழமை, "வந்தா நல்லாருக்கும்," என்று மட்டும்.

அவள் மனதுக்குள் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். அவனாக வாய் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால், கேட்க நினைத்து அடக்கிக்கொண்ட அவனை அவமானப்படுத்துவதாகும். அவன் ஏன் அடக்கினான் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கும் அல்லவா? தவிர, அவளுக்குக் கொஞ்சம் ரோஷமும் இருந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் சொல்லையும் தானே சொல்ல வேண்டுமா என்ன.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, துண்டால் கையைத் துடைத்தபடி அடுக்களை வாசலில் நின்றான். அவள் அடுப்பைத் துடைப்பதை நிறுத்தினாள். இதோ கேட்கப்போகிறான்.

"ஆபீஸ்ல கேட்டாங்க," என்றான். "ஒத்த ரூம் போதும்னு சொல்லிட்டேன்."

துணியை அவள் மறுபடி மடித்தாள். "சரி," என்றாள்.

அன்று இரவு முழுக்க அவள் அதையே யோசித்தாள். உள்ளே ஆசை இருந்திருக்கிறது. இருந்தும் அவன் வேறு மாதிரி முடிவு செய்திருக்கிறான். ஆசை யாருக்குத்தான் இல்லை? முடிவு எடுக்கிறவன்தான் மனிதன். உள்ளே ஓடுவது நிஜம் என்று நம்பியது எவ்வளவு சிறுபிள்ளைத்தனம். அவளுக்கு அழுகை வரவில்லை. நீண்ட பயணத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டித் தூங்கிவிட்டவளின் அலுப்புதான் வந்தது.

சுவிட்ச் உத்தரவு முடிவுக்கு வந்தது இசக்கிமுத்துவால். ஒரு நாள் டீ நேரத்தில் அவன் கண்ணாடித் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்துக் கேட்டான்.

"எம் பொண்ண ஆஸ்பத்திரியில சேத்துருக்குன்னு மூணு நாளா லைன்ல சொல்லுதேன். ஒருத்தன் என்னன்னு கேட்டியளால?"

குரூஸ்தான் கடைசியில், "சொன்னியா? நீ உள்ளுக்குள்ள நெனைக்கேன்னுல்லா நெனச்சோம்," என்றார்.

"நெனச்சாலுந்தான் என்ன அண்ணாச்சி, கேட்டா வாய் கோணிருமா?"

அடுத்த வாரம் சங்கமும் மேலாளரும் உட்கார்ந்து பேசினார்கள். ஐந்தாவது சுவிட்ச் மறுபடி மேலே போகும். அதற்குப் பதில் எல்லோர் பெட்டியிலும் ஒரு சிவப்புப் பட்டன். யார் அழுத்தினாலும், யாரையும் கேட்காமல் கிரேன் நின்றுவிடும்.

"இத முதல்லயே செஞ்சிருக்கலாம் சார்," என்றார் குரூஸ்.

"முதல்ல யாருக்குத் தோணுச்சு?" என்றார் மேலாளர். அவரும் இளைத்துப்போயிருந்தார். தன் பங்குக்கு அவரும் நிறையக் கேட்டிருப்பார்.

பெட்டிகள் செய்யும் கம்பெனியிலிருந்து தாரிணி என்ற இன்ஜினியர் சென்னையிலிருந்து வந்தாள். ஒவ்வொரு பெட்டியும் எப்படி ஓடுகிறது என்பதை மேசையிலிருந்தே பார்க்கும் புதிய மென்பொருள் கொண்டுவந்திருந்தாள். அவள் மேசையில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல, ஞானசெல்வி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போனாள். இந்தத் தடவையும் மூன்றாவது கிரேன் கடைசியில்தான் வந்தது. சுயம்புவுக்கு அன்று துறைமுகத்தில் கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமை ரயில். கிரேனை நிறுத்திவிட்டு இறங்கியிருந்தான்.

லிஃப்ட் பழுது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறி அவள் அறைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இருக்கையில் அவன் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற்பட்ட பள்ளம் இருந்தது. பக்கத்தில் உட்கார இடமில்லாததால் அதிலேயே உட்கார்ந்தாள். சோதனைப் பட்டையைக் கழுத்தில் மாட்டி, பெட்டியோடு இணைத்தாள்.

"தாரிணி, மூணாவதுக்கு வந்துட்டேன்."

"சூப்பர்க்கா. மாத்தியே முடிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. இப்பத்தான் மூடியக் கழட்டுதேன்."

"இல்லையே. இங்க அஞ்சாவது மேலன்னு காட்டுதே."

"கீழதான் இருக்கும்மா. கண்ணால பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"சுவிட்ச் கீழ இருக்கலாம்க்கா. ஆனா பெட்டி எந்திரிக்கும்போது எதப் படிச்சதோ அதத்தான் வச்சுக்கிட்டு ஓடும், உங்களுக்குத் தெரியாததா. இது எந்திரிச்சு மூணு வருஷத்துக்கு மேல ஆகுது. நடுவுல ஒரு தடவைகூட அணையல. கீழ போகவே இல்ல இது."

"அணைச்சனே. நாந்தான் வயரப் பிடுங்கி..."

அவள் பாதியில் நிறுத்தினாள். மெதுவாகக் குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்தாள். பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், கறுப்பு டேப் சுற்றி, ஒரு துணை பேட்டரி.

அந்த டேப்பைச் சுற்றியது அவள்தான். பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு புயல் நாள். துறைமுகம் முழுக்க மின்சாரம் போய்விட்டது. சுயம்பு இந்த அறைக்குள் காற்றில் ஆடிக்கொண்டு, யாரோடும் பேச வழியில்லாமல் மாட்டிக்கொண்டான். அடுத்த நாளே அவள் யாரையும் கேட்காமல் ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் பொருத்தினாள், இனி ஒருபோதும் அவன் குரல் அறுந்துபோகக் கூடாதென்று. வேறெந்தக் கிரேனிலும் அது கிடையாது. இங்கே ஒரு வயரைப் பிடுங்கினால் பெட்டி அணையாது. இரண்டையும் பிடுங்க வேண்டும். அவள் ஒன்றைத்தான் பிடுங்கியிருந்தாள். முதுகுக்குப் பின்னால் அவன் நின்றிருந்தான், குனிந்து பார்க்கவில்லை.

அப்படியானால் இந்தப் பெட்டியிலிருந்து விழுங்கியது ஒன்றும் வந்ததில்லை.

சாப்ட்டியா என்று அவன் கேட்டிருக்கிறான். கடலைப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று, இந்த இருக்கையில், மழையைப் பார்த்துக்கொண்டு, எவ்வளவு நேரம் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு சொன்னானோ. வாரியா என்று திங்கட்கிழமை கேட்டான். செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்டான். ஒவ்வொன்றுக்கும் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டிருக்கிறான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்தான். அவள் மோர் வேண்டுமா என்று கேட்டாள்.

"அக்கா? இருக்கீங்களா?" தாரிணியின் குரல்.

"இருக்கேன். அங்க யாரு இருக்கா?"

"நானும் சுயம்புலிங்கம் சாரும். பட்டைய ஒப்படைக்க வந்திருக்காரு."

ஞானசெல்வி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். கடல் ஒன்றும் கண்ணாடி மாதிரி இல்லை. சாம்பல் நிறத்தில் அலுத்துப்போய்க் கிடந்தது.

"மேச மைக்க அவங்ககிட்டக் குடும்மா," என்றாள்.

அங்கே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ மைக்குக்கு அருகில் வந்து நிற்பது தெரிந்தது. அவள் தொண்டையில் ஒரு சொல் எழுந்தது, பாதிதூரம் வந்து திரும்பிப் போனது.

"லைன்ல ஒண்ணும் வரலக்கா," என்றாள் தாரிணி.

வராது. ஐந்தாவது மேலே இருக்கிறது. இந்தப் பெட்டி விழுங்கியதை வெளியே விடாது, விட்டதே இல்லை. அவள் பட்டையைத் தளர்த்தாமல், உதட்டைத் திறந்து, வீட்டில் பேசுவது போலச் சத்தமாகவே பேசினாள். அவள் குரல் அவள் காதிலேயே திரும்பி விழுந்தது.

"சாப்ட்டேன்."

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"முழங்கால் அப்படியேதான் இருக்கு. மழ பெய்தா வலிக்கி. கடல அன்னைக்கு நான் பாக்கல, என் அறையில ஜன்னல் கெடையாதுல்லா." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அன்னைக்கு நீங்க சொன்னதுல தப்பொண்ணும் இல்ல. நாந்தான் அதப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்."

தாரிணி மெதுவாக எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அப்புறம் அவன் குரல் வந்தது. பட்டையைக் கழற்றிவிட்டதால் பெட்டி செய்து தரும் குரலாக இல்லை. கரகரப்பாக, அவனுடையதாகவே இருந்தது.

"இப்பத்தான் கேட்டுச்சா?"

"அன்னைக்கே கேட்டுச்சு," என்றாள். "நீங்க சொன்னீங்கன்னு தெரியல."

அவன் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பதில் வராத லைன் எவ்வளவு நீளம் என்பதை அவள் முதல் தடவையாக அந்த இருக்கையிலிருந்து பார்த்தாள்.

"பதில் வராததுதான் பதில்னு நெனச்சுக்கிட்டேன்," என்றான் கடைசியில்.

"நீங்க கேட்டதுல இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

"அத அங்கன வச்சுச் சொல்லாத," என்றான் அவசரமாக. "லிஃப்ட் ஓடலல்லா. எப்படி ஏறுன?"

"ஏறிட்டேன்."

"அந்தக் காலோட எறங்கிக் கிறங்கி வராத. இரு. நான் வாரேன்."

மைக் வைக்கப்படும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில், கீழே, அடுக்கிய கண்டெய்னர்களுக்கு நடுவே ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு சின்ன உருவம் தெரிந்தது. கழுத்தில் பட்டை இல்லாமல் வந்தது. ஒரு தடவை நின்று, கையை நெற்றிக்கு வைத்து மேலே பார்த்துவிட்டு, கிரேன் படிக்கட்டை நோக்கி நடந்தது.

அவன் ஏறி வர நேரமாகும். ஞானசெல்வி பல்குச்சியால் ஐந்தாவது சுவிட்சை மேலே தள்ளினாள். பிறகு மண்டியிட்டு, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, மின் வயரைப் பிடுங்கினாள். டேப்பைக் கிழித்து பேட்டரி வயரையும் பிடுங்கினாள். இந்தத் தடவை குனிந்து பார்த்தாள். பச்சை விளக்கு அணைந்தது. பத்து எண்ணியதும் மறுபடி சொருக வேண்டும். அவள் சொருகவில்லை. இரண்டு வயரையும் கையில் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்து, இரும்புப் படியில் ஏறி வரும் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.